கட்டையில வெட்டின வெளிச்சம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய புத்தகங்கள்ல வர்ற படங்களைப் பத்தி எழுதினப்போ மரக்கட்டையில படத்தைச் செதுக்கி அச்சடிக்கிற வுட் என்கிரேவிங் பத்தி ஒரு ரெண்டு வரி தான் வந்துச்சு, ஆனா வந்திருக்கிற கேள்விகள்ல முக்கால்வாசி அதைப் பத்தியே இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்ங்கறதால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன், ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: வுட்கட், வுட் என்கிரேவிங் ரெண்டும் ஒண்ணு தானே? எங்க காலேஜ்ல ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்றாங்க. (ஓவியம் படிக்கிற மாணவர், மதுரை)

ஒண்ணு இல்ல தம்பி. ரெண்டுலயும் மேல நிக்கிற இடத்துல தான் இங்க் ஒட்டும், வெட்டி எடுத்த இடம் பேப்பர்ல வெள்ளையா விழும், அது வரைக்கும் சரி. ஆனா மரத்தை எந்தப் பக்கமா அறுக்கறோம்ங்கறதுல எல்லாமே மாறிடுது. வுட்கட்டுக்கு மரத்தை நீளவாக்குல பலகையா அறுத்து எடுப்பாங்க, நார் பலகை மேல ஒரே திசையா ஓடும், அதனால கத்தியும் அரைவட்ட உளியும் வச்சு வெட்டறப்போ நாரோட போனா சுலபம், குறுக்க போனா பிய்ஞ்சுக்கும், ரொம்ப மெல்லிசான கோடு நிக்காது. வுட் என்கிரேவிங்குக்கு அடிமரத்தைக் குறுக்கால அறுத்து, வளையம் தெரியுதே அந்த முகத்துல வேலை பண்றாங்க. அங்க நாரெல்லாம் நட்டுக்குத்தா நிக்கும், எந்தப் பக்கம் வேணா உளியை ஓட்டலாம், எங்கயும் பிசிறு வராது.

அதுக்கு ஏத்த மரம் பாக்ஸ்வுட். துருக்கிப் பக்கம் கருங்கடல் கரையிலேர்ந்து லண்டனுக்குக் கப்பல்ல வந்துட்டிருந்துச்சு. ரொம்ப மெதுவா வளர்ற மரம், அதனால தான் அவ்வளவு நெருக்கமா, மஞ்சளா, வழவழன்னு இருக்கும். அடிமரம் பெருசா பருக்காது, அதனால கட்டையும் சின்னது தான், பெரிய படம் வேணும்னா பல துண்டை ஒட்டணும்.

இன்னொரு வித்தியாசம் தான் எனக்கு முக்கியமா படுது. இந்த உளி ஒரு தடவை ஓடினா விழறது வெள்ளைக் கோடு. கறுப்புக் கட்டையில ஒவ்வொரு வெட்டும் கொஞ்சம் வெளிச்சத்தை உள்ள விடுது. பேனாவால வரையறவன் வெள்ளைப் பேப்பர்ல கறுப்பைச் சேர்க்கிறான், இவன் கறுப்புலேர்ந்து வெள்ளையை எடுக்கிறான். இது மண்டையில ஏறிட்டா இந்தக் கலையில பாதி புரிஞ்ச மாதிரி.

கேள்வி: செப்புத் தகட்டுல இதைவிட நுணுக்கமா வெட்ட முடியுமே, அப்புறம் ஏன் புத்தகத்துக்குக் கட்டையைத் தேடிப் போனாங்க? எங்கப்பா ஈய எழுத்து கோத்து அடிக்கிற லெட்டர்பிரஸ் வச்சிருந்தார், படம் அடிக்கிற பிளாக் எல்லாம் பாத்து வளந்தவ நான். (ஈரோடு)

அப்ப உங்களுக்கு சுலபமா புரியும். செப்புத் தகட்டுல இங்க் நிக்கிறது பள்ளத்துல. மேல துடைச்சுட்டு ஈரப் பேப்பரை வச்சு உருளை மெஷின்ல பலமா அழுத்தினா தான் பள்ளத்துல இருக்கிற இங்க் மேல வரும். ஈய எழுத்து அப்படி இல்ல, மேடு தான் அச்சாகும். அதனால எழுத்தையும் செப்புப் படத்தையும் ஒரே பாரத்துல, அதாவது அச்சுக்கு ஒண்ணா இறுக்கிப் பூட்டற பக்கத்துல, ஏத்த முடியாது. தனி மெஷின், தனி பேப்பர், தனிச் செலவு, கடைசியில படத்தைத் தனித் தாளா புத்தகத்துக்கு நடுவுல ஒட்டணும்.

மரக்கட்டையோ எழுத்து மாதிரியே மேடு. கட்டையோட உயரத்தை அச்செழுத்து உயரத்துக்கே அறுத்துடுவாங்க, இங்கிலீஷ் அளவுல 0.918 இன்ச், அதாவது 23 மில்லிமீட்டர் சொச்சம். அச்சுக் கோக்கிறவர் வரிகளுக்கு நடுவுல கட்டையை வச்சு, சுத்தி எழுத்தைக் கோத்து, இறுக்கி, ஒரே அழுத்துல படமும் எழுத்தும் சேர்ந்து எடுத்துடலாம். பாராவுக்குப் பக்கத்துல ஒரு குருவி, அத்தியாயம் முடியற எடத்துல உள்ளங்கை அளவுக்கு ஒரு ஆத்தங்கரை, இதெல்லாம் அதனால தான் சாத்தியமாச்சு. படத்துக்கும் எழுத்துக்கும் ஒரே இங்க், ஒரே அழுத்தம், அதனால பக்கத்துல ரெண்டும் ஒரே குடும்பமா தெரியும், வேற எந்த முறையிலயும் இது இவ்வளவு இயல்பா வர்றதில்லன்னு நான் நினைக்கிறேன்.

தேய்மானமும் கம்மி. செப்புத் தகடு சில ஆயிரம் பிரதியிலயே மழுங்க ஆரம்பிச்சுடும். பாக்ஸ்வுட் கட்டை லட்சக்கணக்குல தாங்கும், ஒரு செய்தித்தாளுக்கு வெட்டிக் குடுத்த கட்டை 9 லட்சம் பிரதிக்கு மேல அடிச்சும் நல்லா இருந்துச்சுன்னு தாமஸ் ப்யூயிக் தன் வாழ்க்கைக் குறிப்புல சொல்லியிருக்கார்.

கேள்வி: எல்லாரும் ப்யூயிக் ப்யூயிக்னு சொல்றாங்களே, அவர்கிட்ட அப்படி என்ன விசேஷம்? (கும்பகோணம், தஞ்சாவூர், சென்னையிலேர்ந்து மூணு பேர்)

நிறைய இருக்கு, அதனால இதைக் கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

1753-ல வட இங்கிலாந்துல நார்தம்பர்லேண்ட்ல பொறந்தவர், ஊர்ல அப்பாவுக்குப் பண்ணையும் சின்ன நிலக்கரிச் சுரங்கமும். 14 வயசுல நியூகாசில்ல ரால்ஃப் பீல்பிங்கற செதுக்கு வேலைக்காரர்கிட்ட தொழில் பழகச் சேர்த்துவிட்டாங்க. அந்தப் பட்டறையில பாதி வேலை நம்மூர்ல பாத்திரத்துல பேர் வெட்டற மாதிரி வேலை தான், வெள்ளிச் சாமான், கடிகார முகப்பு, சவப்பெட்டிப் பேர்த்தகடு இதெல்லாம். உலோகத்துல ஓட்டற பியூரின்ங்கற கூர் உளியை அப்படியே மரத்தோட குறுக்குமுகத்துல ஓட்டற பழக்கம் அவருக்கு வந்தது அங்கேர்ந்து தான். அவருக்கு முன்னாடியும் சில பேர் அப்படி வெட்டியிருக்காங்க, ஆனா அதுல என்னெல்லாம் பண்ண முடியும்னு காட்டினது அவர் தான்.

1790-ல நாலுகால் பிராணிகள் பத்தி ஒரு புத்தகம். அப்புறம் பிரிட்டிஷ் பறவைகள், 1797-ல நிலப் பறவைகள், 1804-ல நீர்ப் பறவைகள். பறவை புத்தகத்துக்காக 1791-ல விக்ளிஃப்னு ஒரு ஊருக்குப் போய் அங்க ஒரு பெரிய சேகரிப்புல இருந்த பாடம் பண்ணின பறவைகளைப் பாத்து வரைஞ்சார், ஆனா பஞ்சடைச்ச பறவைக்கு உயிர்ப் பறவையோட நிலை இல்லைன்னு தெரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் முடிஞ்ச வரைக்கும் உயிரோட இருக்கிறதையோ அப்பதான் சுட்டதையோ வச்சே வரைஞ்சார். ஜேன் ஐர் நாவல் தொடக்கத்துல அந்தப் பொண்ணு ஜன்னல் திரைக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்து பாக்கிற புத்தகம் இது தான்.

அதுல எல்லோ பண்டிங்னு ஒரு சின்னக் குருவி இருக்கு, உங்க கைக்குக் கிடைச்சா ஒரு லென்ஸ் வச்சுப் பாருங்க. நெஞ்சுப் பக்கம் இறகு, சின்னச் சின்ன வெள்ளைக் கீறல், ஒவ்வொண்ணும் ஆரம்பத்துல கூர்மையா நுழைஞ்சு நடுவுல அகலமாகி திரும்ப கூர்மையா வெளிய வருது, ஏன்னா உளியைக் கொஞ்சம் அழுத்தினா கோடு பருக்கும், தூக்கினா மெலியும். முதுகுல அதே கீறல் தள்ளித் தள்ளி இருக்கு, அதனால அங்க கருமை. வெளிக்கோடுன்னு ஒண்ணு தனியா இல்லவே இல்ல, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற எடத்துல உருவம் தானா நிக்குது. குருவிக்குப் பின்னால தூரத்துல இருக்கிற புல்லும் மரமும் மங்கலா, சாம்பல் நிறமா தெரியும். இங்க் ஒரே கறுப்பு தானே, சாம்பல் எங்கேர்ந்து வந்துச்சு? அந்த எடத்துல கட்டையோட மேல்முகத்தையே முன்கூட்டியே லேசா சுரண்டித் தாழ்த்திடுவார், தாழ்ந்த இடத்துல அழுத்தம் கம்மியா விழும், கோடு மெலிஞ்சு அச்சாகும். காத்துல தூரம் மங்கறதை ஒரு தலைமுடி அளவு பள்ளத்தால கொண்டு வந்திருக்கார், நினைச்சாலே எனக்கு மலைப்பா இருக்கு.

ஆனா எனக்கு உசுரு அந்தப் புத்தகங்கள்ல பக்கம் மிச்சமிருக்கிற எடத்துல அவர் வச்ச குட்டிப் படங்கள் தான். ஒண்ணுல ஒரு ஆளு பாலத்துக்கு சுங்கம் குடுக்க மனசில்லாம மாட்டோட வாலைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தைக் கடக்கிறான், காத்துல தொப்பி பறந்து போகுது, தொப்பியோட விலை சுங்கத்தைவிட அதிகமா தான் இருந்திருக்கும். இன்னொண்ணுல ஒரு கைக்குழந்தை குதிரைக்குட்டியோட வாலைப் பிடிச்சு இழுக்குது, குட்டி பின்னங்காலைத் தூக்கப் போகுது, அம்மா வேலிப்படியைத் தாண்டிப் பதறிக்கிட்டு ஓடி வர்றா, குழந்தையைப் பாத்துக்க வேண்டிய பொண்ணோ தூரத்துல செடி மறைவுல காதலனோட நிக்கிறா. மூணு இன்ச் அகலத்துல ஒரு சிறுகதை. கீழ எழுத்து ஒண்ணும் இல்ல, பறவைக்கும் அதுக்கும் சம்பந்தமும் இல்ல, பக்கத்துல எடம் இருந்துச்சு, அவருக்குச் சொல்ல ஒரு சேதி இருந்துச்சு, அவ்வளவு தான்.

அவர்கிட்ட முக்கியமான இன்னொரு விஷயம், தான் பாத்ததைத் தானே வரைஞ்சு தானே வெட்டினார் (பட்டறையில சீடர்களும் வெட்டினாங்க, லூக் க்ளென்னல், வில்லியம் ஹார்வி எல்லாம் அங்க வளந்தவங்க தான்). அவருக்கப்புறம் வந்த காலத்துல இது மாறிப்போச்சு, அடுத்த கேள்வி அதைப் பத்தி தான்.

கேள்வி: ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் புத்தகத்துப் படங்கள் டெனியல் வரைஞ்சதுன்னு படிச்சிருக்கேன், ஆனா படத்து மூலையில வேற பேர் இருக்கே? (பள்ளி ஆசிரியை, திருச்சி)

நல்லா கவனிச்சிருக்கீங்க டீச்சர். ஒரு மூலையில ஜான் டெனியலோட முத்திரை எழுத்து, இன்னொரு மூலையில டால்சியல்னு இருக்கும். வரைஞ்சவர் டெனியல், வெட்டினது லண்டன்ல இருந்த டால்சியல் சகோதரர்கள் பட்டறை. சகோதரர்கள்னு பேரு, ஆனா அவங்க அக்கா தங்கச்சிகள்ல மார்கரெட்டும் அங்க உக்காந்து வெட்டினவங்க தான். அது போக எத்தனையோ பேர் சம்பளத்துக்கு வெட்டியிருக்காங்க, அவங்க யாரோட பேரும் படத்துல இல்ல.

இந்த வேலை எப்படிப்பட்டதுன்னு ஒரு உதாரணம். டெனியல் பென்சில்ல ஆலிஸோட பாவாடையில நிழலுக்காக குறுக்கும் நெடுக்கும் கோடு போடறார், அவருக்கு சில நொடி வேலை. வெட்டறவருக்கு அந்தக் கறுப்புக் கோடெல்லாம் அப்படியே மேடா நிக்கணும், அப்ப கோடுகளுக்கு நடுவுல உருவாகிற சாய்சதுரக் குழிகள் ஒவ்வொண்ணையும் தனித்தனியா உளி முனையால நோண்டி எடுக்கணும், ஒரு சதுரம் பிசகினா பக்கத்துக் கோடு உடைஞ்சுடும். ஒரு நகத்தளவு நிழல்லயே எக்கச்சக்கமா இருக்கும். இது ப்யூயிக் பண்ணினதுக்கு நேர் எதிர் வேலை, உளி தன் இயல்புக்கு ஓடாம பேனாவோட கோட்டைக் காப்பாத்தறதுக்காக சுத்தி சுத்தி வருது. எனக்கு அந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும், அதைச் சொல்லிடறேன், ஆனா அதுல பாதி பாராட்டு வெட்டின கைக்குப் போகணும்.

1865-ல ஆலிஸ் முதல் பதிப்பு 2000 பிரதி அடிச்சதும் அச்சு சரியில்லைன்னு டெனியல் சொல்ல, அதை நிறுத்திட்டு வேற அச்சகத்துல திரும்ப அடிச்சாங்க. புத்தகத்துக்கு மூலக்கட்டையை நேரா மெஷின்ல ஏத்தல, அதுலேர்ந்து மின்முலாம் முறையில செப்பு நகல் எடுத்து தான் அடிச்சாங்க, அதனால கட்டைகள் தேயவே இல்ல. ரொம்ப காலம் எங்க இருக்குன்னே தெரியாம, 1985-ல லண்டன்ல ஒரு பேங்க் பெட்டகத்துலேர்ந்து வெளிய வந்துச்சு. அப்புறம் மூலக்கட்டையிலேர்ந்தே நேரடியா அச்சு எடுத்துப் பாத்தப்போ தான் அந்தப் பட்டறையோட கை எவ்வளவு சுத்தம்னு உலகத்துக்குத் தெரிஞ்சுது.

எல்லா ஓவியரும் சந்தோஷமா இருந்தாங்கன்னும் இல்ல. அந்தக் காலத்துல ஓவியர் கட்டை மேலயே வரைவார், வெட்டறப்போ அந்த ஓவியம் அழிஞ்சே போயிடும், ஒப்பிட்டுப் பாக்கக்கூட மிச்சம் இருக்காது. 1857-ல டென்னிசன் கவிதைத் தொகுப்புக்கு வரைஞ்ச ரொசெட்டி, தன் படத்தை வெட்டினவங்க கெடுத்துட்டாங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டார். அவர் பக்கமும் ஞாயம் இருக்கலாம், ஆனா பென்சில், சாக்கட்டி, தண்ணியில கரைச்ச இங்க் எல்லாம் கலந்து கட்டையில வரைஞ்சு குடுத்தா, எதைக் கோடா மாத்தறது எதை விடறதுன்னு வெட்டறவர் தான் முடிவு பண்ணியாகணும். 1860-கள்ல ஓவியத்தைப் போட்டோவா கட்டை மேல எடுக்கிற முறை வந்ததுக்கப்புறம் தான் மூல ஓவியங்கள் தப்பிச்சுது.

கேள்வி: குஸ்தாவ் டோரேயோட டாந்தே படங்களும் இதே முறையா? அவ்வளவு சாம்பல், அவ்வளவு மேகம், நம்பவே முடியல. (புதுச்சேரி)

ஆமா, அதுவும் கட்டை தான். டோரே பிரெஞ்சு ஓவியர். 1861-ல இத்தாலியக் கவிஞர் டாந்தேயோட இன்ஃபெர்னோ, அதுக்குப் பணம் போட பதிப்பகம் தயங்கினதால டோரே தன் கைக்காசைப் போட்டே கொண்டு வந்தார். 1863-ல டான் கிஹோட்டே, 1866-ல பைபிள். டோரே கோடு போட்டுக் குடுக்கல, பிரஷ்ஷால இங்க் கரைச்சு கட்டை மேல பெயிண்டிங்கே பண்ணிக் குடுத்தார். அந்த நிழலையெல்லாம் கோடா மொழிபெயர்க்க வேண்டியது பிஸான் மாதிரி செதுக்கறவங்க பொறுப்பு. வானத்தைப் பாருங்க, பக்கம் பக்கமா ஓடற இணைகோடு, மேகம் வர்ற எடத்துல கோடு நெளிஞ்சு அகலமாகுது, வெளிச்சம் வர்ற எடத்துல மெலிஞ்சு காணாமப் போகுது. டோரே பேரைச் சொல்றப்போ பிஸான் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க, ஏன்னா அந்த வானம் அவங்க கை.

கேள்வி: இவ்வளவு நல்லா இருந்தது ஏன் காணாமப் போச்சு? (சேலம்)

போட்டோ தான் காரணம். 1842-ல இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் தொடங்கினதுலேர்ந்து வாரப் பத்திரிகைகளுக்குப் படம் வேகமா வேணும். பெரிய படத்துக்குப் பல துண்டுக் கட்டையை போல்ட் போட்டு முடுக்கி, ஓவியர் வரைஞ்சதும் கழட்டி ஆளுக்கொரு துண்டா குடுத்து ராத்திரியோட ராத்திரியா வெட்டி, காலையில திரும்பப் பூட்டி இணைப்பு எடத்தைச் சரி பண்ணுவாங்க. சில பக்கங்கள்ல இன்னைக்கும் அந்த இணைப்பு வெள்ளைக்கோடா தெரியும். ஒருத்தர் வானம் மட்டும், இன்னொருத்தர் முகம் மட்டும்னு வெட்டி வெட்டி, வேலை வேலையா மட்டும் ஆயிடுச்சு. 1880-களுக்கு அப்புறம் போட்டோவைப் புள்ளிப் புள்ளியா உடைச்சு உலோகத் தகட்டுல கொண்டு வர்ற ஹாஃப்டோன் பிளாக் வந்ததும் பத்திரிகைக்குச் செதுக்கறவங்க தேவைப்படல. ஆயுசு பூரா கண்ணைக் குடுத்து அந்தத் தொழிலைப் பண்ணினவங்க ஒரு தலைமுறைக்குள்ள வேலையில்லாம நின்னாங்க, அதை நினைச்சா மனசு கஷ்டமா தான் இருக்கு.

ஆனா தொழிலா செத்தது கலையா திரும்ப எழுந்துச்சு. 1920-ல லண்டன்ல சொசைட்டி ஆஃப் வுட் என்கிரேவர்ஸ் ஆரம்பிச்சாங்க, ராபர்ட் கிப்பிங்ஸ், நோயல் ரூக், டார்வினோட பேத்தி க்வென் ராவெராட் எல்லாம் அதுல இருந்தாங்க. அவங்க சொன்னது, வரையறவனே வெட்டணும். அவ்வளவு தான், ஆனா அதுல எல்லாமே இருக்கு. நகல் எடுக்கிற வேலை போட்டோவுக்குப் போயிடுச்சு, இனி உளி தனக்குத் தெரிஞ்சதைப் பேசலாம், ப்யூயிக்கோட வெள்ளைக்கோடு திரும்ப வந்துச்சு. 1924-ல கிப்பிங்ஸ் கோல்டன் காக்கரெல் பிரஸ்ஸை வாங்கி நடத்தினார், அங்க 1931-ல வந்த நாலு சுவிசேஷங்கள் புத்தகத்துல எரிக் கில் பெரிய எழுத்துக்களுக்குள்ளயே மனுஷ உருவங்களை ஏத்தி இறக்கி வச்சிருப்பார், எழுத்து எங்க முடியுது படம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. (கில்லோட சொந்த வாழ்க்கையில தன் மகள்களுக்கே பண்ணின கொடுமை அவர் செத்து ரொம்ப வருஷம் கழிச்சு வெளிய வந்துச்சு, அவர் பேரை எடுக்கிறப்போ அதை மறைக்கக் கூடாது.)

எனக்கு அந்தக் காலத்துல பெரிய ஆள் ஆக்னஸ் மில்லர் பார்க்கர் தான். வேல்ஸ்ல கிரெகினாக் பிரஸ் 1931-ல போட்ட ஈசாப் கதைகளுக்கு அந்தம்மா வெட்டின மிருகங்களைப் பாருங்க, ரோமத்துல வெள்ளைக் கோடு முடி பருமனுக்கு ஓடும், உடம்போ கெட்டியான கறுப்பு, பக்கத்துல இருக்கிற எழுத்தோட கனத்துக்கு அது சரியா நிக்கும். அமெரிக்காவுல லிண்ட் வார்ட் இன்னொரு எல்லைக்குப் போனார், 1929-ல 139 படம், ஒரு வார்த்தை கிடையாது, முழு நாவல்.

கேள்வி: ரஷ்யப் புத்தகங்கள்ல பாத்த கறுப்பு வெள்ளைப் படங்களும் இதானா? (நாகர்கோவில்)

எல்லாமே இல்ல, நிறைய லினோகட்டும் (மரத்துக்குப் பதிலா லினோலியம் ஷீட்ல வெட்டறது) பேனா ஓவியமும் இருக்கும். ஆனா அங்க விளாதிமிர் ஃபவோர்ஸ்கினு ஒரு மகா ஆசான் இருந்தார், ஈகோர் படையெடுப்புக் காவியத்துக்கும் புஷ்கினோட சிறு நாடகங்களுக்கும் அவர் வெட்டின கட்டைகளுக்கு 1962-ல லெனின் பரிசு கிடைச்சுது. படத்தை மட்டும் இல்லாம அட்டை, தலைப்பு, ஓரம்னு முழுப் புத்தகத்தையும் ஒரே கட்டடமா நினைச்சு வேலை பண்ணினவர்.

கேள்வி: நம்ம பக்கம் இது இருந்துச்சா? (காரைக்குடி)

1850-ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஓவியப் பள்ளியில, அது தான் இன்னைக்கு எழும்பூர்ல இருக்கிற கவின்கலைக் கல்லூரி, ஆரம்ப காலத்துலயே கட்டைச் செதுக்கு வேலை சொல்லிக் குடுத்தாங்க. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள்ல நல்லதங்காளும் அல்லியும் வர்ற படங்களைப் பாத்திருப்பீங்க, அந்தத் தடித்த கோடு வேற மரபு, வேற அழகு, அதை இதோட அளவுகோல்ல வச்சுப் பாக்கக் கூடாது. குறுக்குமுகத்துல நுணுக்கமா வெட்டினவர்னா இந்தியாவுல நான் முதல்ல சொல்ற பேர் வங்காளத்து ஹரேன் தாஸ். 1921-ல தினாஜ்பூர்ல பொறந்தவர், கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில சொல்லிக் குடுத்தவர், ஊர்க் குளம், மீன்பிடி, நெல் தூத்தறது, மழை இதெல்லாம் தபால் கார்டை விடக் கொஞ்சம் பெரிய கட்டையில. குளத்துத் தண்ணியில விழற சாயங்கால வெயிலை அவர் படுக்கைக் கோடாலயே கொண்டு வந்திருக்கிறதைப் பாத்தா நம்ம ஊர் கம்மாக்கரை மாதிரியே தோணும். அவரைத் தமிழ்ல யாராவது விரிவா எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

கேள்வி: நானே வெட்டிப் பாக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது? (ஐடி வேலை, கோயம்புத்தூர்)

முதல்லயே பாக்ஸ்வுட் வாங்காதீங்க, விலை அதிகம், பழகறதுக்கு அது வேண்டாம். வெளிச்சத்தைப் பாத்து யோசிக்கிற பழக்கம் வர்றதுக்கு லினோ ஷீட் போதும். அப்புறம் ரெசின்ல செஞ்ச என்கிரேவிங் கட்டைகள் வருது, நாரே இல்லாததால உளி சீரா ஓடும், 2 இன்ச்சுக்கு 3 இன்ச் துண்டு போதும்.

உளி ஆரம்பத்துக்கு மூணு இருந்தாலே நிறைய பண்ணலாம். வளைகோட்டுக்கு ஸ்பிட்ஸ்டிக்கர், ஒரே பருமன்ல நேர்கோடு போட டிண்ட் டூல், பெரிய வெள்ளையைத் தோண்டி எடுக்க ஸ்கார்ப்பர். பிடி காளான் தலை மாதிரி இருக்கும், அது உள்ளங்கையில அடங்கணும், கட்டைவிரல் கட்டை மேல பிரேக் மாதிரி ஊனி இருக்கணும், தள்ளறது உள்ளங்கை, கன்ட்ரோல் கட்டைவிரல். உளியை நல்லா படுக்க வச்சு ஓட்டுங்க, செங்குத்தா தூக்கினா முனை குத்தி நின்னுடும். வளைவு வரணும்னா கையைத் திருப்பாதீங்க, கட்டையைத் திருப்புங்க, அதுக்கு தான் மணல் நிரப்பின தோல் திண்டு மேல கட்டையை வச்சுக்கறாங்க, உளி நின்ன எடத்துலயே நிக்கும் கட்டை சுத்தும். மழுங்கின உளி வழுக்கி இடது கையில ஏறும், அதனால எண்ணெய்க் கல்லை எப்பவும் பக்கத்துல வச்சுக்குங்க, இதை மட்டும் அலட்சியமா எடுத்துக்காதீங்க.

வெட்டறதுக்கு முன்னாடி கட்டை முகத்துக்கு கறுப்பு இங்க்கை மெல்லிசா தடவிடுங்க, அப்ப தான் வெட்டின எடம் வெளுப்பா தெரிஞ்சு எவ்வளவு வெளிச்சம் வந்திருக்குன்னு அப்பப்போ புரியும். படம் இடம் வலம் மாறி விழும், எழுத்து வருதுன்னா கண்ணாடியில பாத்து வரைஞ்சுக்குங்க. முதல் படத்துக்கு எழுத்து வேண்டாம், ஒரு வெங்காயம் வச்சு அதோட சருகுல வெயில் விழறதை வெட்டிப் பாருங்க. அச்சு எடுக்க மெஷின் வேணும்னு இல்ல, கெட்டியான ஆயில் இங்க்கை கண்ணாடி மேல ரொம்ப மெல்லிசா உருட்டி, கட்டையில ஏத்தி, மெல்லிசு பேப்பரை வச்சு ஸ்பூன் பின்பக்கத்தால வட்டம் வட்டமா தேய்ச்சா போதும். இங்க் கூடினா மெல்லிய வெள்ளைக் கோடெல்லாம் அடைஞ்சுடும், நிறைய பேருக்கு முதல் அச்சு கறுப்பா அப்பிப் போறது அதனால தான்.

கேள்வி: தாத்தாவோட பழைய அச்சாபீஸ் பரண்ல படம் வெட்டின கட்டைகள் கொஞ்சம் கிடைச்சிருக்கு. எப்படிப் பாதுகாக்கிறது? (விருதுநகர்)

முதல்ல பக்கவாட்டுல பாருங்க. மரத்து மேல உலோகத் தகடு ஆணி அடிச்சிருந்தா அது துத்தநாக பிளாக், நம்ம அச்சகங்கள்ல கிடைக்கிறதுல முக்காவாசி அது தான், அதுவும் பத்திரப்படுத்த வேண்டியது தான். தகடே இல்லாம மரத்துலயே படம் இருந்தா, நார் படம் மேல நீளமா ஓடுதான்னு பாருங்க, ஓடினா வுட்கட். நார் தெரியாம வழவழன்னு, கோடு ரொம்ப மெல்லிசா இருந்தா என்கிரேவிங்.

தண்ணி விட்டுக் கழுவவே கழுவாதீங்க, மரம் ஊறி உப்பி ஒட்டின இணைப்பு விட்டுடும். காஞ்ச இங்க்கை மண்ணெண்ணெய் லேசா தொட்ட பழந்துணியால ஒத்தி ஒத்தி எடுங்க, ஊசி வச்சு நோண்டாதீங்க. வெயில்லயும் வைக்கக் கூடாது. ப்யூயிக் 1789-ல வெட்டின சில்லிங்ஹாம் காளை, அவரோட ரொம்பப் பெரிய கட்டை, சில பிரதி எடுத்ததுமே சூட்டுல விரிஞ்சு போச்சு, அந்த முதல் பிரதிகளுக்கு இன்னைக்கும் அவ்வளவு மதிப்பு. பிளாஸ்டிக் கவர்ல அடைக்காம பருத்தித் துணியில சுத்தி, காத்தோட்டமான அலமாரியில, முகம் ஒண்ணோட ஒண்ணு உரசாம வைங்க. படம் என்னன்னு தெரியணும்னா கொஞ்சம் டால்கம் பவுடரை மேல தூவி மெல்ல துடைங்க, பள்ளத்துல வெள்ளை தங்கி படம் கண்ணுக்குத் தெரியும், அப்புறம் மென்மையான பிரஷ்ஷால தட்டிடலாம். அப்படியே நாலு மூலையையும் லென்ஸ் வச்சு நல்லா பாருங்க, பேரோ முதலெழுத்தோ தலைகீழாவோ இடம்வலம் மாறியோ இருந்தா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. யார் வெட்டினதுன்னு தேடிப் பாக்கலாம்.